பன்னிரண்டு பேரில் ஜான்சி இல்லை

எங்கள் சுகாதார நிலையத்தில் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறோமாம். வழுவழுப்பான தாளில் அச்சடித்து, அட்டையில் சிரிக்கிற குழந்தையின் படம் போட்டு அறிக்கை வந்திருக்கிறது. ஒரு காலத்தில் முப்பத்திரண்டு பேர் இருந்த இடத்தை இன்று பன்னிரண்டு பேர் நடத்துகிறார்கள், சம்பளச் செலவு பாதிக்கும் கீழே வந்துவிட்டது, மற்றவர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்களைப் பாராட்டியிருக்கிறார்கள். படித்துவிட்டு மருந்து அலமாரிக்குப் பின்னால் போய்த் தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வயிறு எரிந்தது.

நான் பங்கஜம், மருந்தாளுநர். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி. மயிலாப்பூரில் பிறந்து மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். எங்கள் நிலையம் சாந்தோம் பக்கத்தில் கடலைப் பார்த்து இருக்கிறது, நடந்தே போய்விடுவேன். கூடிய சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறேன். நான் போனால் என் பதவியையும் மூடிவிடுவார்கள். இருபது வருஷமாக இங்கே அப்படித்தான் நடக்கிறது. ஆள் போனால் நாற்காலியும் போய்விடும். ஆனால் மதியம் சாப்பிட உட்கார்ந்தால் டிபன் டப்பாக்கள் மட்டும் குறைந்தபாடில்லை. மூடிய பதவிகளின் வேலையைச் செய்ய ஏஜென்சி மூலம் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்கான பணம் சம்பளக் கணக்கில் வராது. ஃபினாயில், பஞ்சு, ஜெனரேட்டர் டீசல் எல்லாம் எழுதுகிற கணக்கில் 'சேவைகள்' என்று போகும். ஃபினாயிலை யாராவது ஊழியர் என்று எண்ணுவார்களா? அதனால் அவர்களையும் எண்ணுவதில்லை. போட்டோவுக்கு நிற்கும்போது தொப்பையை எக்கிக்கொள்வார்களே, எங்கள் அரசாங்கம் மெலிந்திருப்பது அந்த மாதிரிதான்.

அப்படி எண்ணாமல் விடப்பட்டவர்களில் ஒருத்தி ஜான்சி.

நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற மீனவர் குப்பத்துப் பெண். அப்பா மிக்கேல் கடலுக்குப் போகிறவர். அம்மா தேசம்மா கூடை சுமந்து மீன் விற்றவள். கணவன் ஆரோக்கியராஜும் கடலுக்குத்தான் போகிறான். வலையில் மீன் இல்லாத நாட்களில் ஜான்சியின் வருமானத்தில்தான் அடுப்பு எரியும். துப்புரவு வேலைக்கென்று வந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே டோக்கன் கூப்பிடுவது, குழந்தைகளை எடை போடுவது, தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவது எல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தன. பெண்களை டாக்டர் சோதிக்கும்போது திரை இழுத்து, கட்டில் தலைமாட்டில் துணைக்கு நிற்பவளும் அவள்தான். அரசாங்கம் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனைத் திட்டம் கொண்டுவந்தபோது குப்பத்தில் ஒருத்தி வரவில்லை. ஜான்சி வீடு வீடாகப் போய்த் திட்டி, கெஞ்சி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். "எங்கம்மா மாதிரி சாவப்போறியா?" என்று அவள் கேட்டால் எப்பேர்ப்பட்டவளும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

தேசம்மா அப்படித்தான் செத்தாள். மார்பில் வந்த கட்டியை, மீன் கூடை இடித்த வீக்கம் என்று சொல்லியே மறைத்தாள். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு ஜான்சி அடையாறு என்ற பெயரையே வாயில் எடுப்பதில்லை. 'பாலத்துக்கு அந்தாண்ட' என்பாள். பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போவதானாலும் அடையாறு வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறமாட்டாள், சுற்றிக்கொண்டு போவாள்.

போன வருஷம் தை மாசம் அவள் தடுப்பூசிப் பெட்டியை இடது கையில் தூக்குவதைப் பார்த்தேன். வலது கைக்காரி.

"கைக்கு என்னடி? ஏன் இப்படித் தூக்கிண்டு வர?" என்றேன்.

அவள் மருந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். முகம் வெளுத்திருந்தது.

"பங்கஜம்மா, யாராண்டயும் சொல்லக் கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

"நான் எப்படிடி உங்க மாதா மேல சத்தியம் பண்ணுவேன்? கபாலி மேல பண்றேன். சொல்லு."

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து வலது அக்குளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பட்டாணி அளவுக்குக் கெட்டியாக ஒன்று விரலில் தட்டியது. அதுவரை பயம் அவளுடையதாக இருந்தது. அந்த நொடியில் எனக்கும் தொற்றிக்கொண்டது.

"எவ்ளோ நாளா இருக்கு?"

"மழைக்கு முன்னாலேர்ந்து கீது. குளிக்கச் சொல்ல கண்ண மூடிக்கினு குளிக்கிறேன் பங்கஜம்மா. தொட்டா இன்னும் பெருசா ஆயிருக்குமோன்னு மெர்சலாவுது."

டாக்டர் சுஹாஸிடம் காட்டு என்றேன். நல்ல பையன், அவளை அக்கா அக்கா என்பார். அவள் பதறிப்போனாள். அவள் பதறியதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் ஏஜென்சிக்காரன் ஆட்களின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பான். அதற்கு உடல் தகுதிச் சான்று வேண்டும். அதில் கையெழுத்துப் போடுகிறவர் இதே சுஹாஸ்தான். அவரிடம் காட்டிவிட்டால், அவர் நல்லவராக இருந்தாலும் எதை எழுதுவார்? நோயாளிகளின் காயத்துக்குக் கட்டுப் போடுகிற ஏஜென்சி ஆள் டில்லிபாபு முந்தின வருஷம் மஞ்சள் காமாலையில் படுத்தான். தேறி வந்தபோது அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவ விடுப்பு உண்டு. ஜான்சிக்கு வந்தால் அது அவளுடைய கடைசி நாள்.

"மார்ச்சு போவட்டும். அப்பால காட்றேன்," என்றாள்.

"மார்ச் போனா அது உன்னை விட்டுட்டுப் போயிடுமா?"

"திட்டாதீங்க பங்கஜம்மா. எனக்கு ரெண்டு பக்கமும் பயமா கீது. இந்தப் பக்கம் போனா வேல போவும், அந்தப் பக்கம் போனா உசுரு போவும். நான் எங்க போவேன்?"

அதற்குப் பிறகு தினமும் அவள் உள்ளே வரும்போது முதலில் அவள் கையைத்தான் பார்ப்பேன். அவள் அடுத்த பெண்ணுக்குத் திரை இழுத்துவிட்டு, "கண்ண மூடாத, மேல ஃபேன பாரு, அதுக்கு எத்தினி ரெக்கைன்னு எண்ணு, முடிஞ்சிரும்" என்று தைரியம் சொல்வது மருந்து அறைவரை கேட்கும். கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் அவளை அறையலாம் போல இருக்கும்.

பிப்ரவரியில் அந்தக் குழு வந்தது.

குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு எந்தெந்த நிலையங்கள் நன்றாக நடக்கின்றன என்று பார்க்க ஒரு குழு போட்டிருந்தார்கள். எங்கள் சூப்பரின்டெண்டென்ட் ஸ்ரீரங்கன் பன்னிரண்டு பேர் என்று எழுதி அனுப்பியிருந்தார். அதைப் பார்த்து மயங்கி, குழு நேரிலேயே வருவதாகத் தகவல் வந்துவிட்டது. ஸ்ரீரங்கனைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தாங்கொள்ளி. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர். வழக்கமாக ஆய்வு என்றால் ஏஜென்சி ஆட்களைக் கடற்கரைப் பக்கம் போகச் சொல்லிவிடுவார். போன தடவை அப்படி அனுப்பியதில், நோயாளிகளைக் கூப்பிட ஆள் இல்லாமல் கூட்டம் கலைந்துபோய், "என்ன, ஈ ஓட்டறீங்களா?" என்று அதிகாரி கேட்டுவிட்டார். அதனால் இந்தத் தடவை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்.

"எல்லாரும் ஐடி கார்டைக் கழட்டி உள்ள வச்சுடுங்கோ. யூனிபாரம் வேண்டாம். ஆளுக்கொரு ஓ.பி. சீட்டு வாங்கிண்டு பெஞ்சில உக்காந்துடுங்கோ. நீங்கதான் இன்னிக்குப் பேஷண்ட். ஆளும் கம்மியா தெரியும், கூட்டமும் இருக்கும்."

அதோடு விடவில்லை. யாராவது கேட்டால் உளறிவிடுவார்களே என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நோயையும் கொடுத்தார். உனக்கு முழங்கால் வலி, உனக்குத் தலைசுத்தல், உனக்கு இருமல் என்று பிரசாதம் மாதிரி விநியோகம் நடந்தது.

"ஜான்சி, உனக்குத் தலைவலி."

"எனக்குத் தலவலியே நீங்கதான் சார்," என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு கையிலிருந்த நோயாளிச் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரிப்பு நின்றுவிட்டது.

குழுவின் தலைவி மெல்லிய குரலில் பேசுகிற பெண்மணி. கண்ணாடிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். எங்கள் ஆட்கள் பெஞ்சில் வரிசையாக முழங்காலைப் பிடித்துக்கொண்டும் இருமிக்கொண்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் உண்மையான நோயாளிகள். கவுன்டரில் எழுத்தர் வெள்ளைத்துரையை உட்கார வைத்திருந்தார்கள். அவர் கோப்பு எழுதுகிறவர், பாவம், டோக்கன் கூப்பிட்டால் அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. யார் முன்னால் யார் பின்னால் என்று ஒரே தள்ளுமுள்ளு. ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டு அழுதது.

"நாப்பத்தி மூணு!" என்று பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழும்பியது. "கொழந்த வெச்சிகினு கீறவங்க மொதல்ல வாங்க! மத்தவங்க குந்துங்க, குந்துங்க!"

கூட்டம் சட்டென்று உட்கார்ந்துவிட்டது. பழக்கம். ஜான்சிக்கும் பழக்கம். கூப்பிட்ட பிறகுதான் தான் யார் என்பது அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

தலைவி திரும்பினார். "நீங்க யாரும்மா?"

"பேஷண்ட் மேடம்," என்று ஸ்ரீரங்கன் முந்திக்கொண்டார். "அடிக்கடி வர்றவங்க."

"அடிக்கடின்னா?"

"தெனமும் மேடம்," என்றாள் ஜான்சி. பயத்தில் உண்மை வந்துவிட்டது.

"தினமுமா? என்ன உடம்புக்கு?"

"தலவலி."

"தினமும் தலைவலின்னு ஒருத்தர் வந்தா டாக்டர் எப்படிப் பாக்கறார்னு நானும் பாக்கறேன்," என்று தலைவி அவளை முன்னால் விட்டுவிட்டு டாக்டர் அறைக்கு நடந்தார். ஸ்ரீரங்கனுக்கு வியர்த்துக் கொட்டியது. மருந்து ஜன்னலுக்கு ஓடிவந்து, "பங்கஜம், நீங்களும் வாங்கோ, எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை," என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

சுஹாஸ் ஜான்சியின் சீட்டை வாங்கிப் பார்த்தார். அவரும் நடிக்க வேண்டியிருந்தது. எத்தனை நாளாகத் தலைவலி, தூக்கம் வருகிறதா என்றெல்லாம் கேட்டார். தலைவி சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லோருக்கும் மார்பகப் பரிசோதனை முடிந்தது என்று பச்சை மையில் எழுதியிருந்தது. அந்தப் பெண்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவள் ஜான்சி என்பது அதில் இல்லை.

"இவங்களுக்குப் பண்ணியாச்சா?" என்றார் தலைவி.

சுஹாஸ் ஜான்சியைப் பார்த்தார். ஆச்சு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கு என்ன, எத்தனை பேருக்கு எத்தனை சமாளிப்புச் சொல்லிப் பழகிய வாய். ஆனால் வாய் திறக்கவில்லை. இடது கை தானாக வலது அக்குளுக்குப் போனது. நான் கபாலியைக் கூப்பிட்டேன். அவள் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டேனா, மாட்டிக்கொள்ளக் கூடாது என்று கூப்பிட்டேனா, இன்றுவரை எனக்கே தெரியாது.

"இப்பவே பண்ணிடலாம் மேடம்," என்றார் சுஹாஸ். நடிப்பிலிருந்து தப்பித்து நிஜ வேலை கிடைத்ததில் அவருக்கு நிம்மதி. எழுந்து கை கழுவப் போனார். பெண்ணைச் சோதிக்க வேண்டுமென்றால் துணைக்கு ஒரு பெண் வேண்டும். நிரந்தர நர்ஸ் குல்சும் அன்றைக்கு முகாமுக்குப் போயிருந்தாள். சுஹாஸ் குழாயைத் திறந்தபடியே, தினமும் கூப்பிடுகிற மாதிரி, வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஜான்சி அக்கா, ஸ்க்ரீன்!"

ஜான்சி எழுந்தாள். திரையை இழுத்தாள். கட்டிலில் விரிப்பை மாற்றி, சுருக்கத்தைக் கையால் தேய்த்துவிட்டாள். தலைமாட்டில் போய் நின்றாள். தினமும் நிற்கிற இடம்.

கட்டில் காலியாக இருந்தது. நோயாளியின் நாற்காலியும் காலியாக இருந்தது.

"பேஷண்ட் எங்க?" என்று கேட்டார் தலைவி.

சுஹாஸ் ஈரக் கையோடு திரும்பி, தான் செய்த காரியம் புரிந்து அப்படியே நின்றுவிட்டார். ஸ்ரீரங்கன் என் பக்கம் ஒதுங்கினார், மேஜை கிடைத்திருந்தால் அடியில் புகுந்திருப்பார். ஜான்சி திரையைப் பிடித்திருந்தாள். ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"நான்தான் மேடம்," என்றாள். "கூப்ட்டா ஓடியார்றதும் நான்தான். பேஷண்டும் நான்தான். பதினோரு வருசமா இங்கதான் வேல செய்றேன். தலவலி இல்ல, அது சார் குடுத்தது. எனக்கு வேற கீது. எங்கம்மாவுக்கு வந்தது."

சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டாள். "பங்கஜம்மா, என் எடத்துல நீங்க நில்லுங்க," என்றாள்.

நின்றேன். திரைக்கு உள்ளே நாங்கள் மூன்று பேர். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், ஐஸ் பெட்டிக்குள் கை விட்ட மாதிரி இருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள். அவள் மற்ற பெண்களுக்குச் சொல்வதையே அவளுக்குச் சொன்னேன்.

"கண்ணை மூடாதடி. மேல ஃபேனைப் பாரு. எத்தனை இறக்கைன்னு எண்ணு."

"மூணு," என்றாள் அழுதுகொண்டே. சுஹாஸின் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. திரும்ப அங்கேயே போயின. அவருடைய முகத்தைப் பார்த்ததும் நானும் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

"அக்கா, நாளைக்கே அடையாறு போயிடுங்க," என்றார்.

திரைக்கு வெளியே தலைவி ஸ்ரீரங்கனிடம், "பெஞ்சில இன்னும் எத்தனை பேர் இப்படி?" என்று கேட்பது காதில் விழுந்தது. அவர் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. நான் வெளியே வந்தபோது தலைவி கூடத்தில் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கால் வலி, இருமல், தலைசுத்தல் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. நல்ல மனுஷி, நேரில் பார்த்துவிட்டார், இனி ஏதாவது நடக்கும் என்று நம்பினேன். நடந்தது அந்த வழுவழுப்பான புத்தகம்தான். ஜான்சி இருந்தபோதும் நாங்கள் பன்னிரண்டு பேர், அவள் போனபோதும் பன்னிரண்டு. அவள் வேலையைச் சமாளிக்க ஏஜென்சிக்காரன் இரண்டு பேரை அனுப்பியபோதும் பன்னிரண்டுதான்.

ஏஜென்சியிலிருந்து அவளுக்கு அன்று சாயங்காலமே, சொல்லும்வரை வர வேண்டாம் என்று போன் வந்துவிட்டது.

மறுநாள் காலை நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு கிளம்பினேன். ஆரோக்கியராஜ் கடலில் இருந்தான், அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. பஸ் அடையாறு பாலத்தில் ஏறியதும் ஜான்சி என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாலத்தைத் தாண்டும்வரை நிமிரவில்லை.

"பங்கஜம்மா, இன்னிக்கு நான் லீவா, இல்ல எனக்கு வேலையே இல்லியா?" என்று புடவைக்குள்ளிருந்து கேட்டாள்.

"மொதல்ல டாக்டரைப் பாப்போம்டி."

கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள், ஸ்கேன் படம் எடுத்தார்கள், முடிவு தெரிந்துகொள்ளச் சில நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் அவள் எப்படித் தூங்கினாளோ, நான் தூங்கவில்லை. முடிவு சொல்லும் நாளில் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே இருந்த ஒவ்வொருவர் முகத்திலும் அதே பயம், யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை.

"ஜான்சி!" என்று உள்ளிருந்து கூப்பிட்டார்கள்.

பதினோரு வருஷமாக அந்தப் பெயரைக் கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறவள். அசையவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நான்தான் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே இருந்த டாக்டரம்மா கணினியைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். புற்றுதான் என்றார். ஜான்சி கதவுப் பக்கம் திரும்பினாள். டாக்டரம்மா அவசரமாக, "இருங்கம்மா, முழுக்கக் கேளுங்க. பரவலை. ஆபரேஷன் பண்ணி மருந்து குடுத்தா சரியாயிடும். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தா நான் இப்படிச் சொல்லியிருக்க முடியாது," என்றார்.

ஜான்சிக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அழட்டும் என்று டாக்டரம்மா காத்திருந்தார். பிறகு, "சரியான நேரத்துல வந்துட்டீங்க. யாரு அனுப்பினாங்க?" என்று கேட்டார்.

ஜான்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும் அனுப்பல டாக்டரு. எங்க ஆஸ்பத்திரில ஆளு எண்ண வந்தாங்க. என்ன எண்ணிரக் கூடாதுன்னு பேஷண்டு பெஞ்சில குந்த வெச்சாங்க. அப்டியே வந்துட்டேன்."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எண்ணிக்கையில் இருக்கிற என்னைத் திரும்பிப் பார்த்தார்.